நாலு நூலும் பன்னிரண்டு மில்லிமீற்றரும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின்மேற் புதிய மாடிகள் எழுப்பப்படுங்கால், முந்திய தலைமுறையார் கொங்கிறீற்றினுள் இட்ட கம்பிகள் தூண்களின் தலையில் வெளிப்படும். அவற்றை மேசன்மார் நூற்கணக்கிலே சொல்வர். நூலாவது அங்குலத்தின் எட்டிலொரு கூறு. எனவே நாலு நூற் கம்பி அரையங்குல விட்டமுடையது. அதனோடு இணைக்கவேண்டிய புதிய கம்பியைப் பொறியியலாளரின் வரைபடம் 'ரீ 12' எனக் குறிக்கும். இரண்டும் ஒன்றேயெனக் கருதுவார் பலர். அஃது உண்மையன்று.

இலங்கையின் கட்டட அளவைகள் பிரித்தானியரிடமிருந்து பெற்றவை. பிரித்தானியாவின் கம்பி நியமம் 1969இல் மீற்றர் முறைக்கு மாறிற்று. இலங்கையில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையைப் புகுத்திற்று. பிரித்தானியர் பழைய கம்பிக்குப் புதுப்பெயர் சூட்டவில்லை, கம்பியையே மாற்றினர். 6, 8, 10, 12, 16, 20, 25, 32, 40 மில்லிமீற்றர் என்னும் வரிசை பிறந்தது. அதனையே நாமும் தழுவினோம். இம்மாற்றத்தால் ஐந்து நூலுக்குக் கேடில்லை; 16 மில்லிமீற்றர் அதனோடு ஏறக்குறைய ஒக்கும். ஆறு நூலுக்கு 20 இட்டால் உருக்கு மிகும். நாலு நூலுக்கோ இழப்பு நேரும். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 127 சதுர மில்லிமீற்றர். பன்னிரண்டின் பரப்போ 113. நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைவு! ஐந்து பழைய கம்பிகளின் வலுவுக்கு, உருக்கின் தரம் ஒன்றாயின், ஆறு புதியன வேண்டும்.

யப்பானியர் வேறு வழி சென்றனர். அவர்தம் 'டி 13' கம்பி 12.7 மில்லிமீற்றர் விட்டமுடையது. மீற்றர் உடை தரித்த அரையங்குலமே அது. அமெரிக்கர் அங்குலத்தின் எட்டிலொரு கூறுகளை எண்ணி இலக்கமிட்டனர். அவர்தம் 4ஆம் இலக்கம் நம் மேசன்மாரின் நாலு நூலேயாம். எட்டாம் இலக்கம் வரை இவ்வொற்றுமை நிலைக்கும். 1990களில் அதற்கு 13 எனப் பெயரிட்டுப் பார்த்துப் பின் பெரும்பாலும் கைவிட்டனர். கனேடியரோ பரப்பையே முதன்மையாகக் கொண்டனர்: '10 எம்' என்பது 100 சதுர மில்லிமீற்றர்ப் பரப்புடையது, விட்டம் 11.3. ஆகவே 'பத்து' என்னும் ஒரே எண் கொழும்பில் 78.5, கனடாவில் 100, அமெரிக்காவின் பழைய இலக்கத்தில் 819 சதுர மில்லிமீற்றரைக் குறிக்கும். வெளிநாட்டில் வரைந்த படத்தை வாசிப்போர் எண்ணை மட்டும் நம்புதல் தகாது.

எண்ணின் முன்னுள்ள எழுத்துக்கும் வரலாறுண்டு. 'ஆர்' வழுவழுப்பான மென்னுருக்கையும் 'ரீ' உயர்வலு உருக்கையும் குறிப்பன. குளிர்நிலையில் முறுக்கிய 'ரோர்' கம்பி இங்குப் பரவிய காலத்தில் 'ரீ' அதன் முதலெழுத்தென்றே மக்கள் கொண்டனர். இன்று விற்பனையாவன முறுக்கப்படுவதில்லை. சூடாக உருட்டியபின் நீராற் குளிர்விக்கப்படுவன. ஆயினும் கடைத்தெருவில் அவை 'ரோர்' கம்பிகளே. பிரித்தானியர் பின்னர் 'எச்' என்னும் எழுத்துக்கு மாறினர். நம் வரைபடங்களிற் பலவற்றில் 'ரீ' இன்னும் வாழ்கின்றது.

ஐயம் நேரின் தராசை நாடலாம். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றர்க் கம்பியின் நிறை ஏறக்குறையக் கிலோகிராமிற் கிடைக்கும். துரு உண்ணாத பன்னிரண்டு 888 கிராம் நிற்கும். நாலு நூல் 994 கிராம்.