பாக் வீட்டுப் பாகப்பிரிவினை

பாக்னு சொன்னா ஒரே ஒரு ஆள்னுதாங்க ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். பார்த்தா அது ஒரு பரம்பரை! மாவு அரைக்கிறப்பவும் தந்திவாத்தியம் வாசிச்ச ரொட்டிக்காரர் ஃபைட் பாக்ல தொடங்கி 53 பேரை 1735-ல யோஹான் செபாஸ்டியன் பாக்கே பட்டியல் போட்டிருக்கார்.

1750-ல அவர் போனதும் கையெழுத்துப் பிரதிகளைப் பங்கு பிரிச்சாங்க. மத்தேயு பாடுகளோட மூலப்பிரதி கார்ல் பிலிப் இமானுவேல்கிட்ட பத்திரமா இருந்துச்சு. அண்ணன் வில்ஹெல்ம் ஃப்ரீடமான் வறுமையில தன் பங்கை வித்தார். பல தாள்கள் போன இடம் தெரியல. எனக்கென்னவோ அவர்மேல கோபம் வரலைங்க. அடுப்பு எரியணுமே?

1829-ல பெர்லின்ல மெண்டல்சன் அந்தப் பாடுகளை மறுபடி அரங்கேத்தினார். 1843-ல லைப்சிக்ல பாக் நினைவுச்சின்னம் திறந்தப்ப, பேரன் வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிக் எர்ன்ஸ்ட் 83 வயசுல வந்து நின்னார்.

பெரியப்பா வித்த தாள்களை நினைச்சிருப்பாரோ மனுஷன்?