எரிவாயுக் குழாய்: 21 நாள்களில் யாருடைய குரல் பதிவாகிறது?

கெயில் நிறுவனத்தின் கொச்சி – பெங்களூரு எரிவாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை தமிழ்நாட்டின் 7 மேற்கு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் செல்லத் திட்டமிடப்பட்டது. உழவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலையோரமாகக் குழாயைப் பதிக்குமாறு மாநில அரசு 2013-இல் ஆணையிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பாதையைத் தீர்மானிப்பது ஒன்றியச் சட்டமே என்பது அத்துடன் உறுதியாயிற்று. அச்சட்டம் யாருடைய குரலைக் கேட்கிறது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

ஒப்புதலின் படிகள்

பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்துக்கு அனுமதி வழங்குகிறது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழலியல் நுண்ணுணர்வுப் பகுதி ஆகியவற்றின் வழியே செல்லும் குழாய்களையே கணக்கில் கொள்கிறது. ஆகவே வயல்வெளியில் செல்லும் குழாய்க்கு, அவ்வறிவிக்கையின்படியான பொதுமக்கள் கருத்துக்கேட்பு இல்லை.

எஞ்சியிருப்பது 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். இது நிலத்தின் உரிமையை எடுப்பதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறது. பிரிவு 3-இன்கீழ் அரசிதழ் அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள், நிலத்தில் நலன் உடைய எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம் என்கிறது பிரிவு 5. அதிகாரி அவரை நேரிலோ வழக்குரைஞர் வழியாகவோ விசாரிக்க வேண்டும். அதன்பின் பிரிவு 6-இன்கீழ் பிரகடனம் வெளியானால், பயன்பாட்டு உரிமை ஒன்றிய அரசைச் சேரும்.

பட்டா இல்லாதவர்

குழாய் புதைந்த நிலத்தில் கட்டடம், கிணறு, குளம், மரம் ஆகியவற்றைப் பிரிவு 9 தடை செய்கிறது. சேதத்துக்கான இழப்பீடு நீங்கலாக, பயன்பாட்டு உரிமைக்குச் சந்தை மதிப்பில் 10 விழுக்காடே தொகை. அதுவும் பட்டாவைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. வாரத்துக்கு உழுபவரும், கூலிக்குச் செல்பவரும், பஞ்சமி நிலத்தை ஆவணமின்றி அனுபவிப்பவரும் அப்பட்டியலில் இடம்பெறுவது அரிது. அவர்களுள் பலர் தலித்துகள்.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமோ, மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரரையும் வேளாண் தொழிலாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என ஏற்கிறது. ஆனால் அச்சட்டத்தின் நான்காம் அட்டவணை குழாய்ச் சட்டத்துக்கு விலக்களித்தது. இழப்பீடு, மறுவாழ்வுப் பயன்களை அட்டவணைச் சட்டங்களுக்கும் விரிக்கும் ஆணை 2015-இல் வந்தது. ஆயினும் அது கையகப்படுத்தலைப் பற்றியது. குழாய்ச் சட்டம் எடுப்பதோ பயன்பாட்டு உரிமை. இந்த வேறுபாட்டை முன்வைத்தே 2016-இல் உச்ச நீதிமன்றம் குழாய்ச் சட்டம் செல்லும் என்றது.

செய்யக்கூடியவை

‘நிலத்தில் நலன் உடையவர்’ என்ற சொற்றொடர் ‘உரிமையாளர்’ என்பதினும் விரிந்தது. இவ்வாதத்தை ஆட்சேப மனுவிலேயே பதிவு செய்ய வேண்டும். வாரம், குத்தகை, அனுபவம் ஆகியவற்றைப் புல எண்ணுடனும் கிடைக்கும் சான்றுகளுடனும் குறிப்பிடலாம்.

பிரிவு 7, குடியிருப்பு நிலத்திலும், நிலையான கட்டுமானம் உள்ள நிலத்திலும், வீட்டை ஒட்டிய நிலத்திலும் குழாய் பதிப்பதைத் தடுக்கிறது. அறிவிக்கைக்கு முன் அவ்வாறு இருந்ததா என்பதே அளவுகோல். எனவே வீடு எழும்பாத இலவச வீட்டுமனைப் பட்டாக்கள் பாதுகாப்பின்றி நிற்கும் ஆபத்து உண்டு. குழாய் வந்தபின் அம்மனையில் வீடு கட்டவும் இயலாது. காலனியை ஒட்டிய மனைகளும் சுடுகாட்டுப் பாதையும் வரைபடத்தில் எங்குள்ளன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீ பட்டாவைப் பார்த்துப் பரவுவதில்லை. ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் பட்டாவைப் பார்த்து வழங்கப்படுமானால், அது சட்டத்தின் சொல்லுக்கே முரண். அரசிதழ் அறிவிக்கை சேரிக்கு வந்து சேராது. அதைத் தேடிப் படித்து 21 நாள்களுக்குள் கொண்டு சேர்ப்பது சட்டம் அறிந்தோரின் கடமை.