றோய் பிரான்சிஸ்: கப்பலில் இடம் கிடைக்காத மனிதர்

கறுப்பினத்தவர் ஒருவர் ஓடலாம், பாயலாம், புள்ளிகள் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அணிக்குக் கட்டளையிடும் இடத்துக்கு வரக்கூடாது. விளையாட்டுலகில் கனகாலம் இருந்த எழுதப்படாத சட்டம் இது. அமெரிக்கக் கூடைப்பந்தில் பில் ரஸல் பொஸ்டன் அணியின் பயிற்றுநரானது 1966இல். பேஸ்போலில் பிராங்க் றொபின்சன் 1975 வரை பொறுத்திருக்க வேண்டி வந்தது. இங்கிலாந்து லீக் உதைபந்தாட்டத்தில் றொச்டேல் கழகம் டோனி கொலின்ஸை முகாமையாளராக்கியது 1960இல். இவர்கள் எல்லோருக்கும் முன்னரே, 1950களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக நகரத்து றக்பி லீக் கழகத்துக்குப் பயிற்றுநராக வந்தவர் றோய் பிரான்சிஸ். எங்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஒரு சின்ன விளக்கம். எங்கட நாட்டில் றக்பி என்றால் கண்டியும் கொழும்பும், பிரட்பி கேடயமும்தான் ஞாபகத்துக்கு வரும். அது 15 பேர் ஆடும் யூனியன். லீக் என்பது 13 பேர் ஆட்டம், அதன் பிறப்பே ஒரு சம்பளப் பிரச்சினை. வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை வேலையை விட்டு விளையாட வந்தால் அந்த நேரத்துச் சம்பளத்தை யார் கொடுப்பது? கொடுக்கலாம் என்றன வடக்குக் கழகங்கள்; முடியாது என்றது யூனியன். 1895இல் ஹடர்ஸ்பீல்டில் கூடிப் பிரிந்து போனார்கள். அதன் பிறகு வேல்ஸின் ஏழைப் பொடியன்களுக்கு வடக்கே போவது என்றால் காசுக்கு விளையாடப் போவது என்று அர்த்தம்.

பிரான்சிஸும் அப்படிப் போனவர்தான். 1919இல் கார்டிவ்வில் பிறந்து பிரின்மார் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், 17 வயதில் புகழ்பெற்ற விகன் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவுஸ்திரேலியரான ஹரி சன்டர்லாந்து முகாமையாளராக வந்தார். 1939இல் பிரான்சிஸ் பரோ கழகத்துக்கு விற்கப்பட்டார். நிறமும் ஒரு காரணம் என்று எழுதுபவர்கள் உண்டு. போர்க்காலத்தில் இராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். மனித உடம்பை எப்படிப் பழக்குவது என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம்.

1946இல் பிரித்தானிய அணி அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. 'இன்டொமிட்டபிள்' என்ற போர்க்கப்பலில் போன அணி அது. நல்ல ஆட்டத்தில் இருந்த பிரான்சிஸுக்கு அதில் இடமில்லை. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை நடைமுறையில் இருந்த காலம். அங்கே கறுப்பு வீரர் ஒருவரைக் கூட்டிப்போய் வீண் சங்கடத்தை உண்டாக்குவானேன் என்று தேர்வாளர்கள் நினைத்தார்கள் என்பதே வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. ஒருவரும் அவரை வாய்திறந்து அவமதிக்கவில்லை, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு டிசெம்பரில் பிராட்போர்டில் நியூஸிலாந்துக்கு எதிராக ஒரேயொரு டெஸ்ட் கிடைத்தது. இரண்டு ட்ரை வைத்தார். திரும்ப அழைக்கவேயில்லை!

ஹல்லில் வீரராகவும் பயிற்றுநராகவும் இருந்து பின் முழுநேரப் பயிற்றுநரானார். 1956இல் ஹலிபாக்ஸை 10–9 என்று ஒரு புள்ளியில் வென்று சம்பியன் பட்டம், 1958இல் இன்னொன்று. அவருடைய முறைகள் அந்தக் காலத்துக்குப் புதினமானவை. போட்டிகளைப் படம் பிடித்து வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். முன்வரிசைப் பாரமான ஆட்களையும் குறுந்தூர ஓட்டம் ஓடவைத்தார். ஆட்டம் பார்க்க மனைவிமார் வருவதற்கு வாகன ஒழுங்கு செய்து கொடுத்தார். வீட்டில் சண்டையென்றால் மைதானத்தில் பந்து கை நழுவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கத்துவதுதான் பயிற்சி என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வீரனின் மனதைப் படிக்கப் பார்த்தார். எங்கள் பார்வையில் கோப்பைகளைவிட இதுதான் பெரிய விசயம்.

1963இல் லீட்ஸுக்குப் போனார். ஹல்லில் முன்வரிசைப் பலத்தை வைத்து வென்றவர், இங்கே வேகமான பின்வரிசையை வைத்து வேறொரு ஆட்டத்தைக் கட்டினார். 1968 மே 11, வெம்பிளி, சலஞ்ச் கிண்ண இறுதியாட்டம். மழையில் மைதானம் குளமாகிவிட்டது. 87,000 பேருக்கு மேல் பார்க்கிறார்கள். லீட்ஸ் 11, வேக்பீல்ட் 7. கடைசி நிமிடத்தில் வேக்பீல்ட் ட்ரை வைத்து 11–10 ஆக்குகிறது. கம்பங்களுக்கு நேர் எதிரே டொன் பொக்ஸ் உதைக்க வேண்டும். உள்ளே போனால் கிண்ணம் வேக்பீல்டுக்கு. ஈர நிலத்தில் பந்து விலகிப் போய்விட்டது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அதே பொக்ஸுக்குத்தான், பாவம். இன்றும் அந்தக் காணொளியைப் பார்க்கிற ஆட்கள் பொக்ஸைத்தான் பார்க்கிறார்கள். வென்ற அணியின் பயிற்றுநரைத் தேடுபவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு வந்த அழைப்புத்தான் விசித்திரம். வீரராக அவரை ஏற்காத அதே அவுஸ்திரேலியாவிலிருந்து, நோர்த் சிட்னி கழகம் பயிற்றுநராக வரச் சொன்னது. 1969, 1970 இரண்டு பருவங்கள் இருந்தார். நிறத்தை வைத்து வந்த பேச்சுகளும் எதிர்ப்பும் அங்கேயும் விடவில்லை. பெரிய வெற்றி எதுவும் இல்லாமலே திரும்பினார். ஆனால் 1982இல் அவுஸ்திரேலியர்கள் பிரித்தானியாவுக்கு வந்து ஒரு போட்டியும் தோற்காமல் போனபோது, அவர்களின் உடற்தகுதியையும் திட்டமிட்ட பயிற்சியையும் கண்டு பிரித்தானியர் வாய்பிளந்தார்கள். அதே வழியில் 1950களிலேயே நடந்த மனிதர் அப்போது லீட்ஸில் ஓய்வாக இருந்தார்!

ஊர் திரும்பிய பிரான்சிஸ் 1975இல் லீட்ஸுக்கு பிரீமியர்ஷிப் வென்று கொடுத்தார், பிறகு பிராட்போர்ட் நோர்தனில் சில காலம். 1989இல் காலமானார்.

விகன் முகாமையாளர் சன்டர்லாந்தின் பெயரில் 1965 முதல் ஒரு விருது இருந்தது. 2023 வரை ஆண்டுதோறும் சுப்பர் லீக் இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கு அதைக் கொடுத்தார்கள். றோய் பிரான்சிஸுக்கு பிரின்மாரில் ஒரு சிலை வைத்தார்கள், 2023இல்.