வாயில் கவ்விய ஆணியிலிருந்து காற்று ஸ்டேப்ளர் வரை

காற்று ஸ்டேப்ளர் என்பது அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ‘ப’ வடிவக் கம்பிகளை மரத்தில் அறையும் கைக்கருவி ஆகும். சோபா, நாற்காலி, வண்டி இருக்கை ஆகியவற்றில் துணியையும் ரெக்சினையும் சட்டத்தோடு பிணைக்க இன்று பெரும்பாலும் இதுவே பயன்படுகிறது. குஷன் கடைகளில் இதைக் ‘கன்’ என்றும், இதில் போடும் கம்பியைப் ‘பின்’ என்றும் சொல்வார்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் டிராக்டர் இருக்கை, இருசக்கர வண்டி சீட், கல்யாணச் சீர்வரிசை சோபா என்று இந்தத் தொழிலுக்கு வேலை குறைவதில்லை. கருவி சிறியது, இரண்டு கிலோகூட இராது. ஆனால் இதன் வரலாற்றைப் பார்த்தால், வேலை எளிதான ஒவ்வொரு முறையும் ஆபத்து ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்கு மாறியிருப்பது தெரிகிறது.

பழைய முறை

அழுத்தக் காற்று தமிழர்க்குப் புதிதன்று. கொல்லன் உலைக்களத்துத் துருத்தி சங்கப் பாடல்களிலேயே உவமையாக வருகிறது. ஆனால் துருத்திக் காற்று நெருப்பை வளர்த்ததே தவிர, ஆணி அடிக்கவில்லை. ஆணியைச் சுத்தியல்தான் அடித்தது.

மெத்தை வைத்த இருக்கை நம் ஊர்களில் நெடுங்காலம் வசதியானவர்களின் பொருளாகவே இருந்தது. திண்ணை, பாய், பெஞ்சு, பிரம்பு நாற்காலி இவற்றிலேயே மற்றவர் வாழ்க்கை கழிந்தது. குதிரை வண்டிகளும் கோச்சுகளும் வந்தபோது இருக்கைக்குத் தோலும் நாரும் வைத்துத் தைக்கும் வேலையும் வளர்ந்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் அத்தகைய வண்டிகளைக் கட்டிப் பெயர் பெற்றது. உள்ளே அடைத்தவை தேங்காய் நார், குதிரை மயிர், இலவம் பஞ்சு முதலியன. மேலே போர்த்தியது தோல். பிறகு இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில் செய்யப்பட்ட ரெக்சின் என்ற செயற்கைத் தோல். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். இன்று யார் செய்த செயற்கைத் தோலையும் நாம் ரெக்சின் என்றே சொல்கிறோம்.

இவற்றைச் சட்டத்தில் பிணைத்தவை கூர்முனைச் சிறு ஆணிகள். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். மறு கை சுத்தியலைப் பிடிக்க வேண்டும். அப்படியானால் ஆணியை எடுத்து வைப்பது எது? இதற்கு மேல்நாட்டுத் தொழிலாளர் கண்ட வழி விசித்திரமானது. ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாவால் ஒவ்வொன்றாகத் திருப்பி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டுக்குக் கொண்டுவருவார்கள். காந்தம் ஏற்றிய சுத்தியல் முனை அதைக் கவ்வி எடுக்கும். அந்த முனையாலேயே ஒரு தட்டு, பிறகு மறுமுனையால் இன்னொரு தட்டு. இதற்காகவே ஆணிப் பெட்டிகள் ‘கிருமி நீக்கியது’ என்று அச்சிட்டு விற்கப்பட்டன. பழகிய கை மிக வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. பேசக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது என்பதும் உண்மை. ஆணி தொண்டைக்குள் போவதும், பல் தேய்வதும், சுத்தியல் கட்டைவிரலில் விழுவதும் அந்தக் காலத்து ஆபத்துகள்.

குஷன் எல்லோருக்கும் வந்தது

பாலியூரித்தேன் என்னும் வேதிப்பொருளை ஜெர்மானியரான ஓட்டோ பேயர் 1937இல் கண்டறிந்தார். அதிலிருந்து 1950களில் மென்மையான பஞ்சுபோன்ற ஃபோம் செய்யப்பட்டது. நாரையும் மயிரையும் அடுக்கித் தைக்கும் திறமை இல்லாமலே, வெட்டி வைத்து மூடினால் இருக்கை தயார் என்ற நிலை இதனால் வந்தது.

நம் நாட்டில் ஃபோம் சாதாரண மக்களைத் தொட்ட கதைக்கு ரயில் நல்ல சான்று. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தார். முதலில் அங்கே பெட்டியின் கூடு மட்டுமே உருவானது. இருக்கை முதலியவற்றைப் பொருத்தும் பிரிவு 1962இல்தான் தொடங்கியது. அதன் பிறகும் இரண்டாம் வகுப்புப் பயணிக்கு வெறும் மரப்பலகையே கிடைத்தது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதேதான் அந்தப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் வைக்கச் செய்தார். இன்று இரவு ரயிலில் முதுகு நோகாமல் தூங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டால் விடை திருப்தியாக இராது.

இப்படி வேலை பெருகப் பெருக, சுத்தியல் போதவில்லை.

காற்று வந்த வழி

காற்றைக் கருவி ஓட்டும் விசையாகப் பெரிய அளவில் பயன்படுத்தியது சுரங்கத் தொழில். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் மலைச் சுரங்கப்பாதையில் 1861 முதல் காற்றுத் துளைப்பான்கள் இயங்கின. பாதை 1871இல் திறக்கப்பட்டது. ஆணி அடிப்பதற்குக் காற்றை முதலில் பயன்படுத்தியவராக மாரிஸ் பைனூஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் சொல்லப்படுகிறது. ஹோவர்ட் ஹியூஸ் கட்டிய மாபெரும் மர விமானத்தில் பசை காயும்வரை பலகைகளைப் பிடித்துவைக்க ஆணிகள் அடித்து, பிறகு அவற்றைப் பிடுங்கிவிட்டார்களாம். அந்த விமானம் 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒரு முறை பறந்தது. விமானம் நின்றுவிட்டது, ஆணி அடிக்கும் முறை தங்கிவிட்டது. போருக்குப் பின் மேல்நாட்டு மரச்சாமான் தொழிற்சாலைகள் ஆணியை விட்டுக் கம்பிப் பின்னுக்கு மாறின.

தமிழ்நாட்டில் கம்ப்ரசர் செய்யும் தொழிலுக்குக் கோயம்புத்தூர் பெயர் பெற்றது. எல்ஜி எக்யூப்மெண்ட்ஸ் அங்கே 1960இல் தொடங்கப்பட்டது. பஞ்சர் கடை, வாகனப் பட்டறை, திருச்செங்கோட்டு போர்வெல் லாரி என்று கம்ப்ரசர் பரவிய பிறகு, குஷன் கடைக்கு அது வருவது இயல்பாக நடந்தது.

கருவி இயங்கும் விதம்

கைப்பிடிதான் காற்றுச் சேமிப்பறை. விசையை அழுத்தியதும் வால்வு திறந்து, காற்று பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த மெல்லிய எஃகுத் தகடு வரிசையிலிருந்து ஒரு பின்னைப் பிரித்து மரத்தில் அறைகிறது. விசையை விட்டதும் பிஸ்டன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. 25 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன், 6 பார் அழுத்தம் என்று கொண்டால், தள்ளும் விசை ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமம். மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த விசை முழுவதும் ஊசிபோன்ற இரு கால்களில் இறங்குகிறது.

கடைகளில் 80 வரிசை, 71 வரிசை என்று இரு வகைக் கருவிகள் புழங்குகின்றன. 80 வரிசைப் பின்னின் முதுகு அகலம் ஏறத்தாழ 12.7 மி.மீ.; 71 வரிசையில் 9 மி.மீ. அளவு. 8016 என்று பெட்டியில் இருந்தால் 80 வரிசை, கால் நீளம் 16 மி.மீ. என்று பொருள். ஒன்றின் பின்னை மற்றொன்றில் போட்டால் சிக்கிக்கொள்ளும். கனமான மரச்சட்டத்துக்கு நீண்ட காலும், மெல்லிய பலகைக்கும் வண்டி சீட்டின் பிளாஸ்டிக் தட்டுக்கும் குட்டையான காலும் வேண்டும். நீளம் மிஞ்சினால் மறுபக்கம் பிடித்திருக்கும் விரலில்தான் முனை வெளிவரும்.

தடை இல்லாத முகப்பு

கட்டட வேலைக்கான ஆணித் துப்பாக்கிகளில் முகப்பை மரத்தில் அழுத்தினால் மட்டுமே ஆணி கிளம்பும்படி ஒரு தடை உண்டு. குஷன் ஸ்டேப்ளர் பலவற்றில் அது கிடையாது. இது கவனக்குறைவு அன்று. துணியின் ஓரத்தைக் கண்ணால் பார்த்து, இடுக்கில் நுழைத்து அடிக்க வேண்டிய கருவிக்கு அந்தத் தடை இடையூறு. அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதி 100 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் கருவிகளுக்கே இந்தத் தடையைக் கட்டாயமாக்குகிறது; குஷன் கருவியோ பொதுவாக 60 முதல் 100 வரையில் இயங்குகிறது. ஆகவே இங்கே விசையில் இருக்கும் விரல் ஒன்றே காவல். அடிக்காத நேரத்தில் விரலை விசையிலிருந்து எடுத்துவிடுவதும், கருவியை யார் பக்கமும் திருப்பாமல் இருப்பதும் இதனால் முதல் விதிகள் ஆகின்றன. ‘பின் தீர்ந்துபோன கன்தானே’ என்று விளையாட்டாக நீட்டுவது கடைகளில் சகஜம். உள்ளே ஒரு பின் மீதி இருப்பதும் சகஜம்.

பழுதுபார்க்கும் வேலையில் கண்ணுக்கு ஆபத்து அதிகம். பழைய சோபாவைப் பிரிக்கும்போது மரத்தில் பழைய பின்கள் தங்கிவிடுகின்றன. புதுப்பின் அவற்றில் பட்டாலோ, மரக்கணுவில் பட்டாலோ தெறித்துத் திரும்பும். பழைய பின்களைப் பிடுங்கும்போதும் அவை துள்ளும். பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இதற்காகத்தான்; சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. கண்ணில் ஏதேனும் தைத்துவிட்டால் அதைப் பிடுங்கவோ கண்ணைத் தேய்க்கவோ கூடாது. அழுத்தாமல் மூடி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரலில் தைத்தாலும் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரைக் கேட்பது அவசியம்.

பின் சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டும். பிறகுதான் முகப்பைத் திறக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்றைத் தானாக அடைக்கும் இணைப்பு குழாய்ப் பக்கமே இருக்க வேண்டும். கருவிப் பக்கம் திறந்த முனை இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தியிருந்தால் குழாயைக் கழற்றிய பிறகும் கைப்பிடிக்குள் காற்று நிற்கும். கருவி ஒரு முறை அடிக்கும்.

கம்ப்ரசர் கெட்டுப்போன அன்று பக்கத்து வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால் என்ன என்று யாருக்கேனும் தோன்றலாம். எண்ணெய் பட்ட உலோகத்தில் அழுத்தமான ஆக்சிஜன் சேர்ந்தால் கருவி கையிலேயே வெடிக்கும். எரிவாயுவுக்கும் இதே விதி. வேலை முடிந்து சட்டையில் ஒட்டிய பஞ்சுத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதும் ஆபத்தே. சுத்தம் செய்யும் காற்று 30 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும் என்று மேற்கண்ட அமெரிக்க விதி வரம்பு கட்டுகிறது. அழுத்தக் காற்று தோல் காயம் வழியே உடலுக்குள் நுழைய வல்லது.

சட்டம் எட்டும் தூரம்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35ஆம் பிரிவில் தொழிலாளர் கண்களுக்குப் பாதுகாப்பும், 31ஆம் பிரிவில் அழுத்தக் கலன்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்றது. ஆனால் மின்விசை பயன்படுத்தி 10 பேராவது வேலை செய்யும் இடமே பொதுவாக அச்சட்டப்படி தொழிற்சாலை. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள் என்று நடக்கும் குஷன் கடை இரண்டு கணக்கிலும் வராது.

இழப்பீட்டுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அட்டவணை வைத்தது. அதன்படி ஒரு கண்ணின் பார்வை முழுதும் போனால், மறுகண் நன்றாக இருக்கும் நிலையில், சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம். துணியின் ஓரத்தைக் கண்ணால் அளந்து, ஆள்காட்டி விரலால் விசையை இழுத்துப் பிழைப்பவருக்கு இந்தச் சதவீதங்கள் பொருந்துமா என்பதை அட்டவணை கேட்பதில்லை.

எண்ணெயும் தண்ணீரும்

பராமரிப்பு நாளுக்கு ஐந்து நிமிட வேலை. காலையில் காற்று நுழையும் துளையில் காற்றுக் கருவிக்கான மெல்லிய எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். வண்டி எஞ்சின் ஆயிலும் பிரேக் ஆயிலும் ஆகாது. அவை உள்ளேயுள்ள ரப்பர் வளையங்களை உப்பவோ இளகவோ செய்துவிடும். பெட்ரோலால் கழுவுவதும் கூடாது. விசையைத் தொடாதபோதே காற்று சீறினால் அல்லது அடியின் பலம் குறைந்தால், பெரும்பாலும் வளையம் தேய்ந்திருக்கும். மலிவான பொருள், மாற்றிவிடலாம். அதற்குப் பதிலாக அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. பின் பாதி இறங்கி நின்றால் 5 பி.எஸ்.ஐ. அளவு கூட்டிப் பார்ப்பது சரி. கருவியில் பொறித்த உச்ச வரம்பைத் தாண்டுவது சரியன்று. தகட்டின் முனை மழுங்கினால் பின்கள் மடங்கி, இரண்டிரண்டாகச் சிக்கும்; அப்போது தகட்டைத்தான் மாற்ற வேண்டும்.

காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து கம்ப்ரசர் டாங்கின் அடியில் தேங்கும். அது டாங்கை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். குழாய் வழியே கருவிக்கும் போய் எண்ணெயைக் கழுவிவிடும். மாலையில் மோட்டாரை நிறுத்தி, காற்றை இறக்கி, அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் காற்றில் ஈரம் கூடுவதால் வடியும் தண்ணீரும் கூடும். அது செம்பழுப்பு நிறமாக வரத் தொடங்கினால் டாங்கின் உட்சுவர் அரிக்கிறது என்று பொருள். அந்த டாங்கைத் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்கும்வரை அதில் காற்று ஏற்றக் கூடாது.