பாண்டியன் குதிரையும் பரிசோதனைக் குரங்கும்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் செல்பவர்களுக்கு ஒத்தக்கடையை நெருங்கும்போதே, துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் ஒரு மகா கஜத்தைப் போலக் காட்சியளிக்கும் யானைமலைக்கு, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் ஒரு யுத்த விருத்தாந்தத்தைக் காரணமாகச் சொல்கிறது. மதுரையை அழிக்கக் கருதிய சோழன் சமணரை ஏவ, அவர்கள் அபிசார வேள்வி செய்து குண்டத்திலிருந்து ஒரு யானையை எழுப்பி நகரத்தின் மேல் விட்டார்களாம்; சோமசுந்தரக் கடவுள் வேடனாக வந்து எய்த அம்பினால் அது வீழ்ந்து மலையாய்க் கிடக்கிறதாம். கொல்லாமையைப் பரம தர்மமாகக் கொண்டவர்கள் மீது கொலை யானையைப் படைத்த பழியைச் சுமத்துவதற்குச் சமயப் பூசலின் உஷ்ணம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. அம்மலையிலேயே சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இன்றளவும் இருப்பதை நோக்கினால் அப்பழியின் விபரீதம் விளங்கும். ஆனால் நமக்கு இங்கே வேண்டுவது வேறு: பிறருடைய பகையைத் தீர்ப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டு, அந்தக் காரியத்திலேயே மாண்ட அந்தப் பிராணியின் கணக்கு யாரைச் சேர்ந்தது என்பதைப் புராணம் கேட்கவில்லை. சரித்திரமும் நெடுங்காலம் கேட்கவில்லை.

அதே நூல் சொல்லும் மற்றொரு கதை மதுரை மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்புவித்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படும் இந்த லீலையைப் பக்தியோடு கேட்பவர்களில் எத்தனை பேர், கீழைக் கடற்கரைக்குப் பொன் மூட்டையோடு மந்திரியே புறப்பட்டுப் போகும்படி அந்தக் குதிரை வியாபாரம் அத்தனை பெரியதாயிருந்ததா என்று யோசித்திருப்பார்கள்? பெரியதாகத்தான் இருந்தது. தென்பாண்டி நாட்டின் வெப்பத்தில் நல்ல போர்க்குதிரை இனம் பெருகுவதில்லை; வில்லும் வேலும் இங்கேயே வடிக்கலாம், யானையைக் காட்டில் பிடிக்கலாம், குதிரைக்கு மட்டும் அரபு நாட்டையும் பாரசீக வளைகுடாவையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், இந்த வியாபாரம் உச்சத்தை எட்டியது. அக்காலத்தில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும், பாரசீகத்தில் இருந்தபடியே எழுதிய சரித்திராசிரியர் வஸ்ஸாஃபும், ஒருவரையொருவர் அறியாமலே ஏறக்குறைய ஒரே சங்கதியைச் சொல்லியிருக்கிறார்கள். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அவ்வண்ணமே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் நூறு குதிரை கூட மிஞ்சுவதில்லை என்பது போலோவின் கூற்று. குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. தெரிந்தவர்களைக் கப்பலில் கொண்டுவர வியாபாரிகள் சம்மதிப்பதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு மறுபடி விற்கலாம் என்று அதற்கு அவரே காரணமும் சொல்கிறார். சோற்றோடு வேகவைத்த மாமிசத்தையும் கலந்து கொடுத்தார்களாம்.

வஸ்ஸாஃபின் வர்ணனை இன்னும் அருகில் சென்று பார்க்கிறது. புதிதாக வந்திறங்கிய குதிரையை முளையடித்துக் கயிற்றால் பிணைத்து, கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் அசையாமல் நிறுத்தி வைக்கிறார்கள். பச்சைத் தானியத்துக்குப் பதிலாக வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து ஊட்டி, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பிறகு பழக்காமலும், அங்கவடி முதலான சாதனங்கள் இல்லாமலும், பிசாசுகளைப் போல அதன் மேலேறி ஓட்டுகிறார்கள். காற்றைப் போல் வந்த குதிரை சில நாளில் சோர்ந்து மந்தமாகிப் பயனற்றுப் போகிறது. இவ்விருவர் கூற்றிலும் அந்நியரின் பரிகாசம் கலந்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அன்பினாலே கொல்வது என்பது இதுதான் என்று தோன்றுகிறது. நெய்யும் பாலும் கொடுத்தவன் குரூரன் அல்ல, மாட்டை அறிந்தவன், குதிரையை அறியாதவன்.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது ஆகாரமோ அங்கவடியோ அன்று, ஒப்பந்தம். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தன் சொந்த லாயத்திலிருந்து அனுப்புவதென்றும், ஒவ்வொன்றுக்கும் 220 செம்பொன் தினார் விலையென்றும், வழியில் கடலிலே குதிரை இறந்தாலும் ஊனமடைந்தாலும் அதன் கிரயத்தைப் பாண்டியனின் பொக்கிஷமே கொடுத்துவிட வேண்டுமென்றும் ஏற்பாடு. ஜமாலுத்தீனின் சகோதரரே காயல் முதலிய துறைகளில் பாண்டியனின் அதிகாரியாகவும் இருந்தார் என்றால், கணக்கை யார் சரிபார்த்திருப்பார்கள்? விற்றவனுக்குச் சாவினால் நஷ்டமில்லை. வாங்கியவன் கோயில் சொத்துக்களின் வருமானத்திலிருந்தும் தேவரடியார் வரியிலிருந்தும் பணத்தைக் கட்டிவிட்டான் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். சாகும் குதிரையின் சாவு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஒரு துன்பமாகப் பதிவு பெறாமல், செலவினமாகவே நின்றுவிட்டது.

இத்தனை குதிரைகளும் மதுரையைக் காத்தனவா என்றால் அதுவும் இல்லை. 1311-இல் டில்லிப் படைத்தளபதி மாலிக் காபூர் வந்தபோது அரசன் குடும்பத்தோடு நீங்கிவிட்டிருந்தான். வெறுமையாய்க் கிடந்த நகரத்தில், கோயிலில் விடப்பட்டிருந்த இரண்டு மூன்று யானைகளே படைக்கு அகப்பட்டன என்கிறார் டில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. தென்னாட்டுப் படையெடுப்பில் கிடைத்த கொள்ளையாக 512 யானைகளும் 5,000 குதிரைகளும் என்று அவர் கணக்கிட, பின்னாளில் எழுதிய சரித்திராசிரியர் பரணி அதை 612 யானைகளாகவும் 20,000 குதிரைகளாகவும் ஆக்கிவிடுகிறார். வெற்றியின் பெருமையைக் காட்ட வந்தவர்களுக்குப் பிராணிகள் எண்ணிக்கையாகவே பயன்பட்டன.

ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1904 பிப்ரவரி 29-இல், அதே மதுரையில் நீலகண்ட சாஸ்திரியின் மகளாகப் பிறந்த ருக்மிணி தேவியை நாட்டியத்துக்காகவும் கலாக்ஷேத்திரத்துக்காகவும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ராஜ்ய சபையின் நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அவ்வளவாக நினைப்பதில்லை. பிராணிகளை வதைப்பதைத் தடுக்க அவர் கோரிய அந்த மசோதாவை, அரசாங்கமே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன் மேல் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அவரே தலைவரானார்.

அந்தச் சட்டம் பிறந்த பத்தாண்டுகள், இந்தியாவின் செம்முகக் குரங்குகள் அயல்நாட்டுக்கு ஏற்றுமதியான பத்தாண்டுகளுமாகும். இளம்பிள்ளை வாதத்துக்கு ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசியின் கிருமியைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில்தான் வளர்த்தார்கள். ஆகவே வட இந்தியாவில் பிடிபட்டு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் குரங்குகள் விமானமேறின. 1955-இன் தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில் 300-க்கு மேற்பட்ட குரங்குகள் மூச்சுத் திணறி மாண்ட செய்தி வந்ததும் இந்திய அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆராய்ச்சிக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே பயன்படுத்துவதென்ற உறுதியின் பேரில் மீண்டும் அனுமதித்தது. அந்த உறுதி என்னவாயிற்று என்பது இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது: அமெரிக்க ராணுவத்தின் கதிரியக்க ஆராய்ச்சி நிலையத்தில், அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான போர்வீரன் எவ்வளவு நேரம் செயல்படுவான் என்பதை அறிய, குரங்குகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சுழலும் பட்டையின் மேல் ஓடச் செய்து, ஓய்ந்து விழும்வரை குறித்துக்கொண்டிருந்தார்கள். 1977 டிசம்பரில் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் ஏற்றுமதியைத் தடைசெய்வதாக அறிவித்தது. 1978 ஏப்ரலிலிருந்து அது அமலுக்கு வந்தது. விற்றவன் கையை விட்டபின் பிராணி என்னவாகிறது என்று கேட்காமல் இருப்பது வியாபார தர்மம். இந்தியா அன்று கேட்டது. அந்த விஷயத்தில் பாண்டியனைவிட நாம் ஓரடி முன்னே வந்தோம் என்று சொல்லலாம்.

ஆனால் நம் சட்டத்தையே எடுத்துப் பார்த்தால் அவ்வளவு பெருமிதம் கொள்ள இடமில்லை. 14-ஆவது பிரிவு, உயிரைக் காக்கவும் நோயை வெல்லவும் அறிவை வளர்க்கவும் செய்யும் பரிசோதனைகள் இச்சட்டத்தால் குற்றமாகா என்று முதலிலேயே கதவைத் திறந்து வைக்கிறது. 17-ஆவது பிரிவு, மயக்க மருந்து கொடுக்க வேண்டும், சிறிய பிராணி போதுமானால் பெரியதைத் தொடக் கூடாது, வெறும் கைப்பழக்கத்துக்காக அறுக்கக் கூடாது என்று, தடை விதிக்காமல் நியமங்களைக் கவனிக்கும் கடமையை ஒரு குழுவிடம் ஒப்படைக்கிறது. அந்த நியமங்கள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் விரிவான விதிகளாக உருப்பெற 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் தவளையை ஆணியறைந்து அறுத்த கல்லூரி மேஜைகளை நம் தலைமுறையில் பலரும் கண்டிருக்கிறார்கள்.

மதுரைச் சுற்றுப்புறக் கிராமங்களில் நாய் கடித்தவனை முதலில் பயமுறுத்தியது நோயைவிட ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று திண்ணைக்குத் திண்ணை பேச்சு. 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம் இந்தத் தென்னாட்டுக்குத் தந்த கொடை அது. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் கேட்டதில்லை. உயிருள்ள ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, அது நோயுற்றுத் துடிக்கும் நிலையில் கொன்று, அந்த மூளையை அரைத்து, கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து தயாரிப்பது டேவிட் செம்பிள் கண்ட முறை. மதுரை வட்டத்துக் குடியானவன் தன் மகன் உயிர் பிழைக்க ஓர் ஆட்டைக் கொடுக்கத் தயங்குவானா? தயங்க மாட்டான்; நானும் தயங்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். அதனால் அந்த ஆட்டுக்கு நேர்ந்தது நேராததாகிவிடாது என்பதை மட்டும் கூடவே ஒத்துக்கொள்ள வேண்டும்.

மேல்நாடுகளில் உயிரணு வளர்ப்புத் தடுப்பூசி 1970-களின் இறுதியிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தும், ஏழைகளுக்கு மலிவானது என்ற காரணத்தால் ஆட்டு மூளை மருந்து இங்கே 2004 வரை தயாராகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் காரணமாயிருந்ததும் ஆட்டின் வேதனையன்று. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் வந்ததே முதன்மையான காரணம். குன்னூர் நிலையம் வீரோ என்னும் உயிரணு வகையில் வளர்த்த தடுப்பூசிக்கு மாறியது. அந்த உயிரணு, ருக்மிணி தேவி வாரியத் தலைமையை ஏற்ற அதே 1962-இல், ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் குடுவைகளில் பெருகிக்கொண்டேயிருக்கிறது.