சாலைச் சரிவில் மண் அரிப்பு: வெட்டிவேர் வேலி அமைக்கும் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மேடான சாலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சரிவை அரித்து, உங்கள் வரப்பை உடைத்து, சரளையை வயலில் பரப்பிவிடும். வயலின் மேல்மண் கண்மாயில் போய்ச் சேரும்.

அரிப்பு ஏன்?

கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழை வெடிப்புக்குள் இறங்கும். மண் ஊறி உப்பிய பின் தண்ணீர் மேலேயே ஓடும். புல் இல்லாத சரிவில் விழும் சிறு கோடு, அடுத்தடுத்த மழையில் ஓடையாகிவிடும்.

நடவுக்கு முன்

* சாலையோர நிலம் அரசுக்குச் சொந்தம். நெடுஞ்சாலைத் துறை அல்லது ஊராட்சியிடம் அனுமதி பெறுங்கள்.
* தண்ணீர் ஒரே இடத்தில் விழாதபடி வடிகாலைத் தூர்வாருங்கள். தண்ணீர் விழும் இடத்தில் கல் பதியுங்கள்.
* சரிவின் மேல்விளிம்பில் உள்ள வெடிப்புகளைச் செம்மண், சரளை இட்டுக் கெட்டியுங்கள்.

நடவு முறை

* புரட்டாசிக் கடைசியில், மண் நனைந்ததும் நடவும்.
* 2 அல்லது 3 தூர் கொண்ட நாற்றில் இலையை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. அளவுக்கு நறுக்கவும்.
* கொத்தனார் டியூப் மட்டம் வைத்து, சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக வரிசை போடவும். வரிசை சாய்ந்தால் தண்ணீர் ஒரு மூலையில் கூடி உடைக்கும்.
* நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. இடைவெளி போதும். 10 மீட்டர் வரிசைக்கு சுமார் 70 முதல் 100 நாற்று தேவைப்படும்.
* உயரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை அமைக்கவும். இடையில் கொழுக்கட்டைப்புல் விதைக்கலாம்.
* மழை இடைவெளி விட்டால் உயிர்த்தண்ணீர் கொடுக்கவும். பட்டுப்போன இடத்தில் உடனே மறுநடவு செய்யவும்.

வெட்டிவேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை நேர்கீழாக இறங்கும். அதனால் பக்கத்து வயலுக்குத் தொந்தரவு இல்லை.

செய்யக்கூடாதவை

* விலை கிடைக்கிறதே என்று சரிவில் உள்ள வேரைத் தோண்டாதீர்கள். விற்பனைக்குத் தனியே நடுங்கள்.
* சீமைக்கருவேலம் வரிசையை மூட விடாதீர்கள். நிழலில் வெட்டிவேர் நலிந்துவிடும்.
* வயலை அகலப்படுத்தச் சரிவின் அடிமண்ணை வெட்டாதீர்கள். அடி போனால் மேலே உள்ள சாலையும் சரியும்.

முதல் மழை விட்டதும் சரிவை ஒருமுறை நடந்து பாருங்கள். கோடாக இருக்கும்போது மண்வெட்டியால் அடைத்துவிடலாம். ஓடையாகிவிட்டால் இயந்திரம்தான் வர வேண்டும்.