சாயப்பட்டறையிலிருந்து மூளைக் கட்டி வரை

மூளையில் கட்டி என்றதும் ஸ்கேன் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது என்ன கட்டி என்று கண்டுபிடிக்க இன்றும் முதலில் துணைக்கு வருபவை இரண்டு சாயங்கள்: நீலம் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. இரண்டும் துணிக்குச் சாயமிடப் பயன்பட்டவை. அவற்றின் கதையில் வன்னிக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னி, மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் தானாக முளைத்த சாயவேர் அவர்களின் வணிகக் கொம்பனிக்கு வருமானம் தந்த பொருள். அதன் சிவப்பைத் துணியில் பிடித்து வைத்தது படிகாரம். உலகின் மறுகோடியில், மெக்சிகோவின் கம்பெச்சே கரையில், வேறொரு சாயமரத்துக்குப் பெரும் போட்டி. அதை ஏற்றிவந்த ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்த ஆங்கிலேயர் பிறகு தாங்களே மரம் தறிக்க இறங்கினார்கள். இன்றைய பெலீஸ் நாடு அந்த மரவெட்டிகளின் குடியிருப்புகளிலிருந்து வளர்ந்தது. அதற்கு முன்பு, 1581இல், அந்த மரச்சாயம் வெளுத்துவிடுகிறது என்று இங்கிலாந்து தடையே போட்டிருந்தது.

1863இல் ஜெர்மானியரான வால்டயர் அந்த மரச்சாற்றை நுணுக்குக்காட்டிக்குக் கொண்டுபோனார்; சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டில் போமர் என்பவர் படிகாரம் சேர்த்தார். கலங்களின் கருக்கள் நீலமாகத் துலங்கின. சாயக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அதே வித்தை!

இளஞ்சிவப்பு ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ரிக் காரோவின் கைவேலை. சாயவேரில் உள்ள அலிசரின் என்ற சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து செய்யும் முறைக்கு அவரும் கூட்டாளிகளும் 1869 ஜூன் 25 அன்று லண்டனில் காப்புரிமை கேட்டார்கள். அதே கோரிக்கையுடன் மறுநாள் வந்த ஆங்கில வேதியியலாளர் பெர்கின் ஒரு நாளால் பிந்திப்போனார். ஆலைச் சிவப்பு மலிய, வேர்ச்சாயத் தொழில் சரிந்தது. அதே காரோ சில ஆண்டுகளில் இயோசின் என்ற இளஞ்சிவப்பை உருவாக்கினார். அதன் செய்முறையை அவர் வேலைசெய்த சாய ஆலை மறைத்து வைத்தது. வேதியியலாளர் ஹோஃப்மன் அந்தச் சாயத்தைப் பகுத்தாய்ந்து வெளியிட்டுவிட, மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள். 1876இல் விஸ்ஸோட்ஸ்கி என்பவர் நுணுக்குக்காட்டி ஆய்வில் நீலம், இளஞ்சிவப்பு இரண்டு சாயங்களையும் ஒன்றாகப் பயன்படுத்தினார்.

இந்தச் சாயங்கள் அடையாளம் காட்டும் மூளைக் கட்டிகளில் ஒன்றான மெடுலோபிளாஸ்டோமாவை 1925இல் மருத்துவர்கள் பெய்லியும் குஷிங்கும் விவரித்தார்கள். பெரும்பாலும் சிறுவர்களின் சிறுமூளையில் வரும் அரிய புற்றுநோய் இது. சாயமிட்டால் நெருக்கியடித்த நீலக் கருக்கள்தான் கண்ணில் படும். கலத்தின் பெரும்பகுதியைக் கருவே அடைத்துக்கொள்வதால் இளஞ்சிவப்புக்கு இடம் குறைவு. சில இடங்களில் அக்கருக்கள் பூப்போல வட்டமாக நிற்கும். இன்று மரபணுவைக் கொண்டும் இதை வகை பிரிக்கிறார்கள். வகையைப் பொறுத்து சிகிச்சையும் பிழைக்கும் வாய்ப்பும் மாறுவதால் அது மிக அவசியம்.

ஆனால் கட்டிக்குச் சாயமிட வேண்டுமானால், பிள்ளை முதலில் வைத்தியசாலைக்கு வந்துசேர வேண்டும். கட்டி மூளைத் திரவத்தின் வழியை அடைப்பதால் விடியத் தலையிடி, சத்தி. சிறுமூளை பாதிக்கப்படுவதால் தள்ளாட்ட நடை. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு பிள்ளைக்கு இவை தொடர்ந்து இருந்தால், வயிற்றுக் கோளாறு என்று நாளைக் கடத்தாதீர்கள். வைத்தியரிடம் நடையையும் சொல்லுங்கள், கண்ணின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.